நீல மைக்குச் சம்பளம்

மழை தன் இஷ்டத்துக்கும் ராஜா தன் இஷ்டத்துக்கும் நடந்துகொண்ட முன்னொரு காலத்தில், முள்ளிநாட்டைச் செண்பகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான்.

நாட்டை அளந்து படம் எழுதும் நிலநூல்காரர்களுக்குச் சம்பளம் நிர்ணயித்தவன் அவன்தான். படத்தில் ஏரி இருந்தால் ஆண்டுக்கு நூறு பொன். குளத்துக்கு இருபது. வெறும் பொட்டலை எழுதியவருக்கு ஒரு மூட்டை வரகு. "நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்பதே ராஜாவின் நிதிக்கொள்கை.

அதனால் நாட்டில் ஏரிகள் பெருகின, படத்தில். தலைமை நிலநூல்காரர் அனந்தகிரியார் தெற்குச் சீமைக்கு மட்டும் மூன்று ஏரி எழுதியிருந்தார். அங்கே அவர் போனதில்லை. வெயில் அவருக்கு ஆகாது.

மந்திரி கூத்தபிரானுக்கு இதெல்லாம் தெரியும். "இந்தப் படம் பொய்" என்று சொன்ன முந்தைய மந்திரி இப்போது எங்கே ஆடு மேய்க்கிறார் என்பதும் தெரியும்.

ஒருநாள் தெற்குச் சீமையிலிருந்து உலகாயி என்ற குடியானவப் பெண் சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, குடிக்கத் தண்ணி இல்லே. ஒரு ஏரி வெட்டிக் குடுங்க. இல்லேன்னா ஊரையே காலி பண்ணிட்டுப் போயிருவோம்."

ராஜா படத்தை விரித்தான். "மூன்று ஏரி இருக்கிறதே அம்மா, நாலாவது எதற்கு?"

அனந்தகிரியார் செருமினார். "பிரபு, அந்த மூன்றுக்கும் இவர்கள் பாசன வரிகூடக் கட்டவில்லை."

"படத்தைப் பிழிஞ்சா தண்ணி வருமா சாமி?" என்றாள் உலகாயி.

சிரிக்கலாமா என்று சபை ராஜாவின் முகத்தைப் பார்த்தது. முகம் சிவந்துகொண்டிருந்தது. அடுத்து ஆடு மேய்க்கப் போவது யார் என்று யோசித்தபடியே கூத்தபிரான் எழுந்தார்.

"பிரபு, தவறு நம்முடையது. மூன்று ஏரி இருந்தும் ஒன்றிலாவது தெப்பத் திருவிழா உண்டா? வருகிற தைப்பூசத்துக்குத் தாங்கள் அங்கே தெப்பமேற வேண்டும். ஏரியைக் கண்டுபிடித்த அனந்தகிரியாரே முன்னின்று நடத்தட்டும்."

"பேஷ்!" என்று ராஜா தொடையில் தட்டினான். "தெப்பம் மிதக்காவிட்டால் கழுமரம்தான், அனந்தகிரியாரே!"

சபை கலைந்ததும் அனந்தகிரியார் மந்திரியின் சால்வையைப் பிடித்து இழுத்தார். "என்னைக் கொல்லப் பார்க்கிறீரா ஓய்? அங்கே ஏது ஏரி?"

"அப்படியா? சம்பளம் வாங்கினீரே, இருக்கும் என்றல்லவா நினைத்தேன்! தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நடுவில் மழையும் வரும். உலகாயி ஊரில் மண்வெட்டி பிடிக்க ஆள் நிறைய. கூலி மட்டும் கைமேல் கேட்பார்கள்."

வாழ்நாளில் முதல் தடவையாக அனந்தகிரியார் தெற்கே போனார். சேர்த்துவைத்த சம்பளமெல்லாம் கூலியாகப் போயிற்று. பின்னாலேயே மனைவியின் ஒட்டியாணமும் போயிற்று. ஐப்பசி மழை ராஜாவைக் கேட்காமலே வந்து ஏரியை நிரப்பியது.

தைப்பூசத்தன்று தெப்பம் மிதந்தது. ராஜா படத்தையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தான். "படத்தில் பெரிதாக இருந்ததே?"

வெயிலில் கறுத்திருந்த அனந்தகிரியார் வாய் தவறிச் சொன்னார்: "எழுதும்போது அரண்மனை மை, பிரபு. வெட்டும்போது சொந்தக் காசு."

"வெட்டினீரா?"

"ஆமாம் பிரபு," என்றார் கூத்தபிரான். "படத்துக்குத் தகுந்தபடி பூமியைத் திருத்திய மகான் இவர் ஒருவர்தான். இன்னும் இரண்டு ஏரி பாக்கி. அடுத்த தெப்பத்தை..."

"படத்திலிருந்து இரண்டையும் அழித்துவிடுகிறேன், இப்போதே அழித்துவிடுகிறேன்!" என்று அனந்தகிரியார் தெப்பத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ஏமாந்தது யார் என்று சபை யோசிப்பதற்குள் ராஜா முந்திக்கொண்டு சிரித்தான். முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "இனிமேல் தண்ணீர் எழுதினாலும் தரை எழுதினாலும் ஒரே சம்பளம்" என்று ஆணையும் போட்டான். அந்த மாதமே நாட்டுப்படங்களில் இருந்த ஏரிகளில் பாதி வற்றிவிட்டன.

தெப்பம் கரை சேர்ந்தபோது உலகாயி குடத்தோடு நின்றிருந்தாள். அனந்தகிரியாரைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"சாமி, கை ராசியான கை. அப்படியே பக்கத்துல ஒரு ஆறும் எழுதிருங்க."

அனந்தகிரியார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.