மீதி நாலு ஓட்டை

மார்த்தாண்டத்தில் பால்துரையின் மரப்பட்டறை. பலகை ஓரத்தில் பூவளைவு செதுக்கும் ரவுட்டர் மேசைக்கு அன்று மோட்டார் மாட்ட வேண்டும். அங்கே வேலை பார்க்கும் எஸ்தர், அலமாரியிலிருந்த சின்ன மோட்டாரைக் காட்டினாள். முதலாளியோ பழைய பம்புசெட்டின் பெரிய மோட்டாரைச் சுமந்து வரச்செய்தார்.

“இதுக்குப் பலம் உண்டு முதலாளி, வேகம் கிடையாது. சின்னது பதினஞ்சு சுத்து சுத்துற நேரத்துல இது ஒரு சுத்துதான்.”

“எனக்கே பாடமா? இதையே மாட்டு. தேக்கு கண்ணாடி மாதிரி வரணும். வரலேன்னா வேற பட்டறை பாத்துக்க.”

எஸ்தர் மேசைத் தகட்டில் துளை போட்டு மாட்டினாள். பால்துரை குனிந்து பார்த்துச் சிரித்தார். “நாலு போல்ட்டுக்கு எட்டு ஓட்டையா? எண்ணத் தெரியாதா?”

“மீதி நாலும் தேவைப்படும், முதலாளி.”

கதவு செய்யச் சொல்லியிருந்தவர் வந்ததும், முதலாளியே பெருமையாகப் பலகையைத் தள்ளினார். மரம் நார்நாராகப் பிய்ந்தது.

“எஸ்தரு!”

“கண்ணாடியா வரும், முதலாளி. அது மெதுவாத்தானே சுத்துது? நீங்களும் பதினஞ்சுல ஒரு பங்கு வேகத்துல தள்ளுங்க.”

தள்ளினார். வழவழப்பாகத்தான் வந்தது. ஒரு பலகை முடிவதற்குள் டீ ஆறி ஆடை படர்ந்தது. வந்தவர் உட்கார ஸ்டூல் தேடினார். “பன்னெண்டு கதவு இருக்கே, புதுவீட்டுப் பால்காய்ப்பு இந்த வருஷமா, அடுத்த வருஷமா?” என்றார்.

பால்துரை சுவிட்சை அணைத்தார். அலமாரியிலிருந்த சின்ன மோட்டாரை இறக்கி மேசையில் வைத்தார். பிறகு ஸ்பானரை எடுத்து எஸ்தரிடம் நீட்டினார்.

“அந்த மீதி நாலு ஓட்டைக்குப் போல்ட்டு இருக்கா?”

அவள் உள்ளங்கையைத் திறந்தாள். நாலும் இருந்தன.