பூவாயி அக்காவின் சின்னப் போர்வைகள்

எங்கள் மடத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்திருக்கிறது, தண்ணீருக்கு வந்திருக்கிறது. போர்வைக்கு மட்டும் வந்ததே இல்லை. ஆனால் அதில் ஒன்றுகூட ஆளுக்கு உதவாது. எல்லாம் கைக்குழந்தை அளவு.

அரிசி மூட்டைமேல் ஒன்று கிடக்கும். ஆட்டுக்கல்லுக்கு ஒன்று. தியானத்துக்கு உட்காருகிறவர்கள் அதைத்தான் மடித்துப் போட்டுக்கொள்வார்கள். மடத்து நாய்க்குக்கூட ஒன்று உண்டு. மழைக்காலத்தில் சமையல்காரனான என்னைவிட அதுதான் சுகமாகத் தூங்கும். எல்லாம் பூவாயி அக்காவின் கைத்தையல்.

அக்கா சேந்தமங்கலத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர். புருஷன் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் கோகிலா மனசுக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு ராசிபுரம் போய்விட்டாள். அக்கா மலையேறி வந்து மடத்திலேயே தங்கிவிட்டார். மடத்துச் சாமிக்கு அவரைவிட வயசு ரொம்பக் குறைவு, மகன் வயசு என்றே சொல்லலாம். ஆனாலும் சிஷ்யை என்றால் அப்படியொரு சிஷ்யை. சாமி நில்லுங்கள் என்றால் நிற்பார், உட்காருங்கள் என்றால் உட்காருவார். போர்வை விஷயத்தில் மட்டும் யார் பேச்சும் எடுபடாது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சந்தையில் யாரோ சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். பேர் என்னவென்றுகூடத் தெரியாது. அன்றைக்கே பழஞ்சேலைகளை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். துண்டு துண்டாகச் சேர்த்து, உள்ளே மெத்தென்று இரண்டு மடிப்பு கொடுத்து, முழுக்கக் கையாலேயே தைத்து முடிப்பார். முடித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு மூலை சேர்ந்திருக்காது. இல்லை, நூல் ஓரிடத்தில் சுருக்கியிருக்கும். "சே, இதைப் போய்க் குடுக்கறதா!" என்று அதை என் சமையல்கட்டில் போட்டுவிட்டு அடுத்ததை வெட்டுவார்.

எனக்குக் கோபம் கோபமாக வரும். "இதுக்கு என்னக்கா குறைச்சல்? கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்பேன்.

"உனக்கென்ன தெரியும், நீ சாம்பாரைக் கிண்டு" என்பார்.

ஒரு தடவை கைக்குழந்தையோடு ஒரு பெண் மடத்துக்கு வந்தாள். குளிரில் குழந்தை வீறிட்டு அழுதது. அக்கா ஓடிவந்து ஒரு போர்வையைக் கொடுத்தார். அதில் சுற்றியதும் குழந்தை தூங்கிவிட்டது. "எவ்வளவு அழகாத் தைச்சிருக்கீங்க" என்றாள் அந்தப் பெண். அக்கா ஒரு மூலையைத் தூக்கிக் காட்டி, "இங்க பாரு, தப்பு" என்றார். அவள் எவ்வளவு தேடியும் அது அவள் கண்ணில் படவில்லை. அவர்கள் கிளம்பிப் போகிறவரை அக்கா அந்தக் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துக் கொஞ்சவில்லை. கொஞ்சினால் தாங்காது என்று நினைத்தாரோ என்னவோ.

ராசிபுரம் பஸ் மடத்து வாசல் வழியாகத்தான் இறங்கும். பஸ் சத்தம் கேட்டதும் அக்காவின் ஊசி நின்றுவிடும். வளைவில் மறைகிறவரை பார்ப்பார். அப்புறம் எங்கே விட்டோம் என்று தையலைத் தேடுவார். பாதித் தப்பு அந்த நேரத்தில்தான் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு மார்கழிக் காலை. சாமி வெயிலுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான் அரசாணிக்காய், அதான் பரங்கிக்காய், நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா புதுப் போர்வையோடு வந்து உட்கார்ந்தார்.

"சாமி, இதுலயும் தப்பு வந்துருச்சுங்க."

"எங்கே?"

அக்கா விரல் வைத்துக் காட்டினார். கிளி போட்ட சேலைத் துண்டு ஒன்றைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தார்.

"கிளி அப்படித் தொங்குறதுதானே" என்றார் சாமி.

"விளையாடாதீங்க சாமி." அக்கா அந்தக் கிளியை நகத்தால் நெருடினார். "எத்தனை தைச்சும் ஒண்ணுகூடச் சரியா அமைய மாட்டேங்குது. தப்பில்லாம ஒண்ணே ஒண்ணு தைக்க நான் என்ன பண்ணோணும்? அதை மட்டும் சொல்லுங்க. வேற உபதேசமே வேண்டாம்."

"தப்பை யார் பார்க்கப் போறாங்க?"

"கோகிலா பார்ப்பாளுங்க. அவளுக்குத் தையல் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஒரு நூல் கோணினாலும் பிரிச்சு அவ மூஞ்சியிலயே வீசுவேன். கண்ணு என்ன பொடனியிலயா இருக்குதுன்னு கேப்பேன். இப்ப இதைத் தூக்கிக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட போறது?"

சாமி போர்வையின் நீளத்தைக் கண்ணால் அளந்தார்.

"பேத்தி எவ்வளவு பெருசு?" என்று கேட்டார்.

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். என் மடியில் இருந்த அரசாணிக்காய் அளவுதான் இருந்தது.

"அது பிறந்தப்போ. இப்போ?"

கைகள் கொஞ்சம் விரிந்தன. நின்றன. மறுபடி விரிந்தன. எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நடக்குதா?"

"மூணு வயசாகப் போகுதுங்க. ஓடும்."

"பேசுதா?"

"பேசாம இருக்குமா! அவங்கம்மா ஒன்றரை வயசுலயே வாய் ஓயமாட்டா." சொல்லும்போதே சிரித்தார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "என்ன பேசுதோ."

சாமி அந்தப் போர்வையை வாங்கித் தரையில் விரித்தார். சுருக்கமில்லாமல் நீவிவிட்டார்.

"பேத்தியை இதுல படுக்க வைங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. நிஜமாகவே ஒரு குழந்தை கிடப்பதுபோல ஒரு கையைத் தலைமாட்டில் வைத்தார். இன்னொரு கையைக் கால் பக்கம் மெதுவாகக் கொண்டுபோனார். அந்தக் கை போர்வையின் ஓரத்தைத் தாண்டித் தரைக்குப் போய்விட்டது.

"ஐயோ சாமி" என்றார். "கால் வெளிய வந்துருச்சே."

கையைத் தரையில் வைத்தபடியே அழுதார். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். சாமிமேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. காலங்கார்த்தாலே ஒரு மனுஷியை இப்படியா அழ வைப்பது?

"பார்க்கோணும் போல இருக்குதுங்க" என்றார் அக்கா. "ஒரே ஒரு தடவை மடியில வச்சுக்கோணும். அந்தத் தலையை மோந்து பார்க்கோணும். ராத்திரியும் பகலும் அதே நெனப்புத்தான் சாமி."

சாமி அவரை அழ விட்டார். அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போர்வையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். எப்பேர்ப்பட்ட அழுகையிலும் கை தையல் வேலைக்குப் போய்விடுகிறது பாருங்கள்.

"இதைப் பிரிச்சுப் பெருசாத் தைச்சுடறேனுங்க. சுத்தி ஒரு கரை குடுத்தாப் போதும்."

"எவ்வளவு பெருசா?"

"அது... அளவு தெரியோணுமே."

"ஜாக்கெட்டுக்கு எப்படி அளவு எடுப்பீங்க?"

"கடைக்கு வருவாங்க, எடுப்பேன்."

"வர முடியாதவங்களுக்கு?"

"நானே வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வருவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சாமி போர்வையை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"உள்ளே விடமாட்டாங்கன்னு பயமா?" என்று கேட்டார் சாமி.

"விட்டுருவாளுங்க. என் மகளை எனக்குத் தெரியாதா? எனக்கு என் வாய் மேலதான் பயம். அன்னிக்கு அவ கிளம்பறப்ப, நீ செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னேன். பெத்தவ பேசற பேச்சா அது? இப்பவும் போய் உக்காந்தா சும்மா இருக்க மாட்டேன். குழந்தை ஏன் இப்படி இளைச்சுக் கிடக்குதும்பேன். வீட்டை ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கேம்பேன். எதாச்சும் ஒண்ணு தப்பாப் பேசிருவேன் சாமி. கண்டிப்பாப் பேசிருவேன்."

"பேசுவீங்க" என்றார் சாமி. "பேசிட்டு, எழுந்து வந்துடாம அங்கேயே உட்கார்ந்திருங்க."