லேசான விரல்

முதலில், தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் பேச்சித்தாயின் கூடைக்கு மட்டும் இரண்டு ராத்தல் குறைத்தார்கள். ஏனென்று கேட்டதற்கு, இரண்டாவதாக, அட்டைக்கடி மிகுந்த சரிவுக்கு மாற்றினார்கள். மூன்றாவதாக, அவள் குடியிருந்த லயத்துக் கூரை பிய்ந்தபோது தகரம் இல்லை என்றார்கள். தொழிற்சங்கத்தில் பெயர் கொடுத்தாள். நான்காவதாக வேலையைப் பிடுங்கினார்கள். ஐந்தாவதாக, கையில் ஒரு நற்சான்றிதழ் கொடுத்தார்கள்.

அந்த ஐந்தாவதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

ஆங்கிலத்தில் ஒரே வரி. இவள் ‘லைட்-ஃபிங்கர்ட்’ என்றிருந்தது. லேசான விரல்காரி என்று கணக்கப்பிள்ளை தமிழ் சொன்னார். கொழுந்து கசங்காமல் கிள்ளுகிறவளுக்கு வேறென்ன புகழ் வேண்டும்? லயமே சிரித்து மகிழ்ந்தது. ஆனால் மூன்று தோட்டங்களில் அதைப் படித்த துரைமார் முதலில் அவள் கையைப் பார்த்தார்கள். பிறகு வாசலைக் காட்டினார்கள்.

சங்க அலுவலகத்துக்குப் போனாள். சங்கத் தலைவர் ஞானமுத்துவிடம் அவள் எழுத்துப் படித்ததும் அங்கேதான். நான்கு முறை சிறை சென்றவர். துண்டறிக்கைகளில் ஆங்கிலம் கற்றவர்.

“அண்ணாச்சி, இவ்வளவு புகழ்ந்து எழுதியும் ஏன் ஒருத்தனும் வேலை தரமாட்டேங்கிறான்?”

அவர் படித்தார். மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார். இழுப்பறையைப் பூட்டினார். சாவியை மடியில் வைத்தார்.

“என்ன அண்ணாச்சி, நான் வந்த நேரத்தில் புதுசாப் பூட்டு?”

“இந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.”

அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“லைட்டுன்னா லேசுதானே?”

“லேசு. சுறுசுறுப்பு. ஜேப்படிக்காரன் விரல் பட்டதே தெரியாதில்ல? அதுக்கு அவங்க வச்ச பேரு.”

“திருடின்னே எழுதியிருக்கலாமே.”

“எழுதினா நிரூபிக்கணும். இப்போ கேட்டா, கொழுந்து கிள்ளுற அழகைத்தான் சொன்னேம்பான்.”

அவள் அவர் மடியையே பார்த்தாள்.

“பூட்டினது பாடத்துக்கா, நெசமாவா?”

அவர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“படிச்சதும் கை தானாப் போச்சு, தாயி.”

“உங்களுக்கே அப்படின்னா, இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்.”

“கிழிக்காதே. எல்லாரும் மேலே உனக்கு வச்ச பேரைத்தான் படிச்சிருக்காங்க. கீழே எழுதின துரை பேரு ஒண்ணு இருக்கு.”

கையெழுத்துக்குப் பக்கத்தில் அதைத் தமிழில் எழுதினார்.

லயத்திலிருந்து சங்கக் கூட்டத்துக்கு வந்த நாற்பது பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஞானமுத்து அவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருளைச் சொன்னார். சிரித்த லயம் இப்போது சிரிக்கவில்லை.

“நாம போடப்போற வழக்கு விசாரணையில் துரை மழுப்பும்போது நீங்கதான் சாட்சி” என்றவர், காகிதத்தை அவளிடம் நீட்டினார். “இது யார் கை? படி.”

பேச்சித்தாய் எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தாள்:

“ஆர்தர் பென்ஃபோல்ட்.”