ஹெரால்டுக்கு லேசா ஒரு மூஞ்சி

சூலூருக்குத் தெக்கால போற ரோட்டுல கோழிப்பண்ணையைத் தாண்டுனா, புளியமரத்தடியில வெள்ளைக் குதிரைங்க நிக்கும். தலையில்லாத குதிரை, காலில்லாத குதிரை, எல்லாம் இருந்தும் கண்ணு மட்டும் எழுதாத குதிரை. அத்தனையும் பைபர். அத்தனையும் கோயிலுக்குப் போறது. தூக்குனா பூ, இடிச்சா பாறை. செய்யறது மயிலாத்தா.

டிங்கர் செங்கோடன் அங்க போய் எறங்குனப்ப, ஒரு குதிரை வயித்துக்குள்ளருந்து ரெண்டு மனுசக் காலு வெளிய நீட்டிட்டு இருந்துச்சு.

"மேஸ்திரி இருக்காருங்களா?"

"இருக்காருங்," அப்படின்னு சொல்லுச்சு குதிரை.

"சித்தெ கூப்புடுங்."

"வந்துட்டாருங்."

நழுவி வெளிய வந்தது ஒரு பொம்பளை. வயசு முப்பத்தஞ்சைத் தாண்டாது. புருவத்துலயெல்லாம் வெள்ளைத் தூசி.

செங்கோடனுக்கு அம்பதுக்கு மேல. வாழ்நாள் பூராவும் ஊராங்க காருக்கு ஒடுக்கெடுத்தவரு. மூணு வருசமாத்தான் சொந்தமா ஒரு காரு. பழைய ஹெரால்டு. முன்பக்கம் மொத்தமும், மட்கார்டோட சேத்து, ஒரே தகரம். தை மாசம் பழைய காருக்குன்னே ஒரு மலையேத்தப் பந்தயம் நடக்குது. போன தையில செங்கோடன் காரு மூணாவது வளைவுல மூச்சு முட்டி நின்னுபோச்சு. நின்னது கூடப் பரவால்ல. அங்க நின்ன சனம் பாவம் பாத்துக் கையைத் தட்டுச்சு. அந்தக் கைதட்டலை அவரால இன்னைக்கு வரைக்கும் முழுங்க முடியல.

"மூஞ்சிக் கனத்தைக் கொறைச்சாப் போதுமுங். இந்த ஒரு தடவை மேல ஏறிட்டா, பொறவு என்ற காரு எங்க நின்னாலும் கவலையில்லீங்."

"பைபர்ல எங்கயும் கெடைக்கலீங்களா?"

கேட்டதுதான் தாமதம். செங்கோடன் தோளை ஒரு குலுக்குக் குலுக்கி டெல்லிக்காரனா மாறிட்டாரு. "'பக்கா லைட்டு சார்ஜீ! காத்து மாதிரி சார்ஜீ!' வந்து எறங்குனது காத்தில்லீங், கக்கூஸ் கதவு." உடனே கைய ஆட்டிச் சென்னைக்காரனா மாறுனாரு. "'கண்ண மூடினு வாங்கு தல!' கண்ண மூடிட்டுதான் வாங்குனேன். தொறந்து பாத்தா அப்பளம். ஒரு மேடு ஏறுறதுக்குள்ள படபடன்னு அடிச்சு நடுவுல கீறிருச்சு." கடைசியா மூக்கால கேரளாக்காரரு. "'போட்டுக்கு ஊத்துன பைபராக்கும் சேட்டா, வெள்ளத்துல இட்டாலும் முங்ஙில்ல!' நான் காரை ஆத்துலயாங்க உடப் போறேன்?"

மேஸ்திரி சிரிச்ச சிரிப்புல பக்கத்துப் பண்ணைக் கோழியெல்லாம் தலையைத் தூக்கிப் பாத்துச்சு.

"நீங்களாச்சும் ஒண்ணு குடுங்."

"குதிரைக்கு ஏதுங்ண்ணா பானெட்டு?"

"அப்ப செஞ்சு குடுங்."

"செய்யக் கத்துத் தாரேன். நாளைக்கு வாங்க."

அன்னையிலருந்து அவரு சிஷ்யன். பதினஞ்சு வயசு சின்னவளை மேஸ்திரின்னு கூப்புட அவருக்கு ஒரு தயக்கமும் இல்ல. கை தெரிஞ்சவங்கதான் மேஸ்திரி, வயசு தெரிஞ்சவங்க இல்ல.

மொத நாளே கேட்டாரு. "ஒண்ணே ஒண்ணு சொல்லிருங் மேஸ்திரி. ஒடையவும் கூடாது, கனக்கவும் கூடாது. எது வரைக்கும் கொறைக்கலாமுங்?"

"மொதல்ல மெழுகு தேய்ங்க."

தேய்ச்சாரு. தகர மூஞ்சிக்கு மெழுகு தேய்ச்சு, அதுக்கு மேல பைபர் போட்டு, அச்சு எடுத்தாங்க. அச்சுக்கும் மெழுகு. மறுபடியும் கேட்டாரு.

"இன்னும் தேய்ங்க."

கேள்விக்குத்தான் பதில் வரல. ஆனா வேலை பாக்கக் கண்ணு கூசும். கண்ணாடிநாரு மேட்டுன்னா ஒரு துணி மாதிரி, வெள்ளை வெளேர்னு இருக்கும். மேஸ்திரி ரெசின் பசையைத் தொட்டு ரோலரை ஒரு ஓட்டு ஓட்டுச்சுன்னா, போன வழியெல்லாம் வெள்ளை கரைஞ்சு, மேட்டு இருக்குற எடமே தெரியாது. செங்கோடன் ஓட்டுனா ரெசின் கொளம் கட்டி நிக்கும்.

"ஊத்தாதீங்ண்ணா. நனையணும், குளிக்கக் கூடாது."

"நெறைய ஊத்துனாப் பலந்தானுங்களே?"

"பலம் நாருலதானுங் இருக்குது. ரெசின் சும்மா கையப் புடிச்சுக்கறதுக்கு."

செங்கோடன் தலையில கைய வெச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாரு. முப்பது வருசமா தகரத்தைத் தட்டித் தட்டிப் பேசுன ஆளு. இவ தடவியே பேசுறாளேன்னு இருந்துச்சு.

ஒரு நாள் காங்கேயத்துக் கோயில்ல குதிரை எறக்க மேஸ்திரி கெளம்புச்சு. "நீங்களே மூஞ்சியைப் போட்டுருங்ண்ணா. எல்லா எடமும் மேட்டு ரெண்டு மடிப்பு. கீல் வர்ற எடத்துக்கும் ஓரத்துக்கும் இன்னொண்ணு. அவ்வளவுதான்."

அவரே போட்டாரு. மேஸ்திரி திரும்பி வந்ததும் அச்சுலருந்து பிரிச்செடுத்தாங்க. மேல பாத்தா அப்படியே கண்ணாடி. மீசையை முறுக்கிப் பாத்துக்கலாம். செங்கோடன் பாத்தும் பாத்துக்கிட்டாரு.

"அருமைங்ண்ணா," அப்படின்னுச்சு மேஸ்திரி. "எடுத்துத் தலையில வைங்க. கரட்டுக்குப் போலாம்."

பட்டறைக்குப் பின்னாடி ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. உச்சியில கருப்பராயன். அங்க ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குதிரையா இருந்தாலும் செஞ்ச ஆளுதான் மொதத் தோள் குடுத்துக் கருப்பராயன்கிட்டக் காட்டணும். அதுக்குப் பொறவுதான் ஊராங்க கை வெப்பாங்க.

"பானெட்டுக்குமாங்?"

"செஞ்சது நீங்கதானுங்க?"

செங்கோடன் மூஞ்சியைத் தலையில கவுத்துக்கிட்டு ஏறுனாரு. கீழ இருந்து பாத்தா ஆமை ஒண்ணு எந்திரிச்சு நின்னு நடக்குறாப்ல இருந்திருக்கும். பாதிக் கரடு கூட வரல. கழுத்து உள்ள போயிருச்சு, நாக்கு வெளிய வந்துருச்சு. ஒரு பாறை மேல தொப்புன்னு எறக்கி வெச்சாரு.

"மேஸ்திரி... இதுக்குத் தகரமே தேவலைங்."

மேஸ்திரி குனிஞ்சு, மூஞ்சிக்கு உள்பக்கமாக் கைய விட்டு மெதுவாத் தடவுச்சு. மாட்டுத் தரகரு துண்டுக்கடியில வெரலைத் தடவுறாப்ல. கை ஒரு எடத்துல நின்னுச்சு.

"எடது லைட்டுக்குப் பின்னாடி இதென்னங்ண்ணா? நாலு மடிப்பு இருக்கும் போல?"

"அங்கதானுங் பல்லடத்துல எருமை வந்து முட்டுச்சு."

கை நகந்துச்சு. "இது?"

"அவிநாசியில தண்ணி லாரி."

"இங்க?"

"அது என்ற மச்சான் ஓட்டுனது."

"எதுல உட்டாரு?"

"நின்னுட்டு இருந்த வேப்பமரத்துலீங்."

"மரம் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"மரம் நல்லாத்தான் இருக்குது."

கை வலது பக்கம் போயி மறுபடியும் நின்னுச்சு. "இந்த எடத்துல?"

செங்கோடன் கண்ணைத் தாழ்த்துனாரு. "அங்க இன்னும் ஒண்ணும் முட்டலீங்."

"பொறவு?"

"முட்டிருச்சுன்னா?"

மேஸ்திரி கையை வெளிய எடுத்துத் தூசியைத் தட்டுச்சு.

"அடிபடறதுக்கு முன்னாலயே கட்டுப் போட்டுட்டீங்க."

"நீங்க சொன்னாப்லதானுங் ரெண்டு மடிப்புல ஆரம்பிச்சேன். கை போகப் போக ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சுங். ஒடைஞ்சிரக் கூடாதேன்னு..."

"எருமை, லாரி, உங்க மச்சான். இத்தனை பேரும் முன்னால ஏறி ஒக்காந்துக்கிட்டா எந்த வண்டிதானுங்ண்ணா மலையேறும்?"

செங்கோடன் பாறை மேல ஒக்காந்தாரு. கீழ புளியமரத்தடியில குதிரைங்க, பொம்மை கணக்காச் சின்னதாத் தெரிஞ்சுச்சு.

"பாதியில எறக்குனா கருப்பராயன் கோவிச்சுக்காதுங்களா?"

"அதுக்குப் பழக்கந்தானுங். என்ற மொதக் குதிரை இந்தப் பாறையவே எட்டல."

"என்ன பண்ணுனீங்?"

"வயித்தை அறுத்துட்டேன். பண்ணையில கோழிக்குத் தண்ணித் தொட்டியா இருக்குது. இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்ல. இடியே உளுந்தாலும் ஒடையாது."

எறங்கி வந்தாங்க. பந்தயத்துக்கு நாளு நெருங்கிப் போச்சு. இருந்த ரெசினு இன்னொரு மூஞ்சிக்குத்தான் பத்தும்.

அச்சுக்கு மறுபடியும் மெழுகு. இந்தத் தடவை செங்கோடன் கேள்வி கேக்கல. ரெசின்ல அது எறுகறதுக்கு மருந்தைக் கலக்கியாச்சு. கலக்கிட்டா, ஒரு டீயைக் குடிச்சுட்டு வர்ற நேரந்தான். அதுக்குள்ள கை வேலையை முடிக்கணும், பொறவு அது யாரு பேச்சையும் கேக்காது. இந்தப் பக்கம் செங்கோடன் ரோலர், அந்தப் பக்கம் மேஸ்திரி ரோலர். மொத மடிப்பு கரைஞ்சுச்சு. ரெண்டாவது மடிப்பும் கரைஞ்சுச்சு. ஒரு எடத்துலயும் கொளம் கட்டல. மேஸ்திரி ஓட்டுன பக்கம் எது, தான் ஓட்டுன பக்கம் எதுன்னு அவருக்கே அடையாளம் தெரியல. நெஞ்சு நெறைஞ்சு போச்சு.

கீலுக்கு ஒண்ணு போட்டாங்க, ஓரத்துக்கு ஒண்ணு போட்டாங்க. முடிஞ்சுது.

முடிஞ்சும் செங்கோடன் கை நிக்கல. கத்திரியை எடுத்து, மேட்டுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுச்சு. எடது லைட்டுக்கிட்டப் போச்சு. வெள்ளைத் துண்டு ஈரத்துக்கு ஒரு வெரக்கடை மேல நின்னுச்சு. ரெசின் சூடேற ஆரம்பிச்சது அவரு கையில தெரிஞ்சுச்சு.

"மேஸ்திரி."

"ம்."

"மறுபடியும் எருமை வந்துட்டா?"

மேஸ்திரி தலையைத் தூக்கல. ரோலர் அதுபாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு.

"பிரேக்கைப் புடிங்கண்ணா."