நின்ற படகு

நெடுங்கழி என்கிற உப்பங்கழியின் நடுவில் ஒரு மணல்மேடு இருக்கிறது. அதில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு கிணறு, ஏழெட்டுப் புன்னை மரங்கள். அங்கே இருந்தவரை எல்லோரும் மேட்டுச் சாமி என்பார்கள். வயது நாற்பதைத் தொடவில்லை. அதிகம் பேசமாட்டார். பேசினால் ஊர் கேட்கும். அதுவே பிற்பாடு வினையாகப் போனது.

கழியில் மீன் பிடிப்பவர்கள் அவரிடம் வருவார்கள். தயாளனும் வருவார். தயாளனுக்கு வயது ஐம்பத்தாறு. கடற்படையில் விமானியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுலா வருபவர்களை ஏற்றிக்கொண்டு, தண்ணீரிலிருந்தே கிளம்பித் தண்ணீரிலேயே இறங்கும் சின்ன விமானம் ஒன்றைக் கழியில் ஓட்டினார். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு இரண்டு நீளமான மிதவைகள். மீனவர்கள் அதைப் ‘பறக்கிற கட்டுமரம்’ என்று கேலி செய்தார்கள்.

கேலி ஒரு மாதம்தான். பிறகு சண்டை. விமானம் கிளப்பிய அலையில் வலைகள் புரண்டன. சத்தத்துக்கு மீன் ஓடியது. விமானக்காரர்களுக்கு வேறு குறை. இறங்கப்போகிற நேரம் பார்த்து எவனாவது மோட்டாரை முறுக்கிக்கொண்டு குறுக்கே போவான். சிரித்துக்கொண்டே போவான். ஒருமுறை இருபது படகுகள் விமானத்தைச் சுற்றி வளைத்து, மத்தியானம் வரை நகரவிடவில்லை. உள்ளே இருந்த புதுமணத் தம்பதி அழுதே விட்டார்கள்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. அந்த இரண்டு வருஷத்தில் ஒருவர் மேலும் ஒரு கீறல்கூட விழவில்லை.

கடைசியில் இரண்டு தரப்பும் சாமியிடம் வந்து, நீங்கள் சொன்னால் கேட்கிறோம் என்றார்கள். சாமி ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டு பேரையும் ஒன்றாக மேட்டில் உட்காரவைக்க அவருக்குத் தயக்கம். வாய் தடித்துவிடும், கை நீண்டுவிடும், புன்னை மரத்தடியில் அது வேண்டாம் என்று நினைத்தார். மீனவர்களைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். தயாளனை வியாழக்கிழமை வரச் சொன்னார்.

திங்கட்கிழமை மீனவர்களுக்காகப் பேச வந்தவர் கன்னியப்பன். கழியிலேயே பெரிய குரல் அவருக்குத்தான். விமானத்துக்குக் குறுக்கே அதிகம் போனவரும் அவர்தான். ஒரு மணி நேரம் கத்தினார். சாமி ஒன்றுதான் சொன்னார்.

“விட்டுக்கொடுக்கிறவர் கெட்டுப்போறதில்லை, கன்னியப்பன்.”

கன்னியப்பன் மணலைக் கிளறினார். பிறகு, சரி, எங்களுக்குள் செய்கிற மரியாதையை அவனுக்கும் செய்துவிட்டுப் போகிறோம் என்று எழுந்தார். அது என்ன மரியாதை என்று சாமி விவரம் கேட்கவில்லை.

வியாழக்கிழமை தயாளன் வந்தார். அவர் கத்தவில்லை. குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். சாமி அதே வார்த்தையைச் சொன்னார். தயாளனும் யோசித்தார். இனிமேல் தூரத்திலேயே எஞ்சினைத் தணித்துவிட்டுச் சத்தமில்லாமல் சறுக்கி வந்து இறங்குகிறேன், மீனும் ஓடாது, யாருக்கும் எரிச்சலும் இராது என்றார். சாமிக்கு மனம் குளிர்ந்தது. அன்று அவருக்குக் கொஞ்சம் பெருமையும் வந்திருக்கும். துறவிக்கும் அது வரும்.

ஆறு வாரம் கழியில் ஒரு சச்சரவும் இல்லை. ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, கன்னியப்பன் செத்துப்போனார்.

அவரும் அவர் மனைவி குப்பம்மாளும் நண்டு வலையை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்த விமானத்தின் மிதவை படகை அடித்தது. குப்பம்மாள் தூக்கி எறியப்பட்டுத் தண்ணீரில் விழுந்து பிழைத்தாள். கன்னியப்பனின் உடலைத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

பட்டப்பகலில் எதிரே நிற்கிற படகு தெரியாதா, பழைய வன்மத்தில் வேண்டுமென்றே ஏற்றிவிட்டான் என்றது குப்பம். விசாரணைக்கு வந்தவர்கள் யார் மேலும் தவறில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதைக் கரையில் ஒருவரும் நம்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தயாளன் தானே துடுப்புப் போட்டு மேட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கும்பிட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

“நான் அவரைப் பார்க்கலை, சாமி.”

சாமி ஒரு செம்புத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“நல்ல வெளிச்சம். சுத்திமுத்திப் பார்த்தேன். தண்ணியில யாருமே இல்லை. இறங்கினேன்.”

“அங்கதான் இருந்தாங்க.”

“ஆமா.”

ஒருவரும் தன்னை நம்பவில்லை என்றார் தயாளன். அது பரவாயில்லை, தனக்கே இப்போது நம்பிக்கை போய்க்கொண்டிருக்கிறது என்றார். கண்ணைப் பரிசோதித்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷம் அந்த மனிதனைத் திட்டியிருக்கிறேன், அந்தக் கோபம் எங்கேயோ உள்ளே கிடந்து வேலை செய்துவிட்டதோ என்று தினமும் தன்னையே குடைந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

“கண்ணு பார்த்து, மனசு மறைச்சிடுச்சோ, சாமி?”

தண்ணீரைக் குடிக்காமல் செம்பைத் தள்ளிவைத்தார் தயாளன்.

“அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்களாம். ‘எங்களைப் பார்த்தானா, பார்க்கலையா’ன்னு. நான் போய்ப் பார்க்கலைன்னு சொன்னா நம்புவாங்களா?”

சாமி நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்தார். திரும்பப் பறக்க விடுகிறார்களா என்று கேட்டார். ஆள் ஏற்றாமல் வெறுமனே ஓட்டிப் பார்க்க நாளை மறுநாளிலிருந்து அனுமதி இருக்கிறது, ஆனால் தனக்குத்தான் மனம் வரவில்லை என்றார் தயாளன்.

“நாளை மறுநாள் காலையில எட்டு மணிக்குப் பறந்து வாங்க. கழியில இந்தப் பக்கம் இறங்க வேண்டாம். அன்னிக்கு நடந்த அதே இடத்துல ஒரு படகுல நான் இருப்பேன். எங்க இருக்கேன்னு பார்த்துட்டு, இங்க வந்து சொல்லுங்க.”

தயாளன் தலையாட்டினார். சாமி அன்று சாயங்காலமே குப்பத்துக்குப் போனார். குப்பம்மாளிடம் என்ன சொன்னார், அவள் எப்படிச் சம்மதித்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் தயாளன் பறந்து வந்தார். வாழ்க்கையில் எதையும் அவர் அவ்வளவு ஆசையோடு தேடியதில்லை. ஒரு சுற்றுச் சுற்றினார். மேடு தெரிந்தது, புன்னை மரங்கள் தெரிந்தன. தூரத்தில் கடலுக்குப் போகிற படகுகள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தண்ணீரில் வெள்ளையாக நீண்ட கோடு. சொன்ன இடத்தில் வெயில் பட்டு மினுங்குகிற தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. இன்னும் தாழ்ந்து வந்து இரண்டாவது முறை பார்த்தார். மூன்றாவது முறை, நான்காவது முறை. படகு கிடைக்கவில்லை போலிருக்கிறது, சாமி கிளம்பவே இல்லை என்று முடிவு செய்தார். கழியின் மறுகோடியில் இறங்கி, அங்கே துறையில் விமானத்தைக் கட்டிவிட்டு மேட்டுக்குத் துடுப்புப் போட்டார்.

மேட்டின் கரையில் ஒரு படகு ஏறி நின்றது. அதன் பக்கவாட்டில் புதுப் பலகை வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. அந்தப் படகைத் தயாளனுக்கு அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் குப்பம்மாள் நின்றிருந்தாள். கையில் துடுப்பு. சாமி மணலில் உட்கார்ந்திருந்தார்.

தயாளன் இறங்கி வந்தார். கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை.

“நாங்க எங்க இருந்தோம்?” என்று சாமி கேட்டார்.

“நீங்க வரலையே, சாமி.”

குப்பம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“நாலு தடவை சுத்தினீங்க. மூணாவது தடவை எங்க தலைக்கு மேலயே போனீங்க. நாலாவது தடவை உங்க நிழல் படகு மேல விழுந்தது,” என்றார் சாமி.

தயாளன் சாமியைப் பார்த்தார், படகைப் பார்த்தார்.

“அவ்வளவு நேரமும் இவங்க துடுப்பைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நின்னாங்க.”

“துடுப்பை எதுக்கு?” என்றார் தயாளன்.

அவர் நடிக்கவில்லை என்று குப்பம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“நீ போன்னு சொல்றதுக்கு. கால்வாயில ரெண்டு படகு எதுருக்கு எதுரு வந்தா, வழி உடறவன் மோட்டாரை நிறுத்திட்டு துடுப்பத் தூக்குவான். மத்தவன் போய்க்கினே இருப்பான். அன்னிக்கும் எங்கூட்டுக்காரரு மோட்டாரை நிறுத்திட்டு துடுப்பத் தூக்கிக்கினுதான் நின்னாரு.”

“மேல இருந்து பார்த்தா படகு தெரியாதும்மா,” என்றார் தயாளன். “ஓடுற படகுக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைத்தான் பார்ப்போம். கோட்டை வச்சுத்தான் படகைக் கண்டுபிடிப்போம். நின்னுட்டா...”

சொல்லிக்கொண்டு வந்தவர் தன் வார்த்தையைத் தானே கேட்டவர்போல நிறுத்திவிட்டார்.

குப்பம்மாள் விடவில்லை. “குறுக்கால ஓடுவாரே, அப்பல்லாம் தெரியுமா?”

“ரொம்பத் தூரத்துலயே தெரியும்.”

“அன்னிக்கு நிக்காம போயிருந்தா?”

தயாளன் தலையைக் குனிந்துகொண்டார்.

“சொல்லு.”

“விலகிப் போயிருப்பேன்.”

குப்பம்மாள் அப்படியே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தப் பதினெட்டு நாளும் வெறுக்க அவளுக்கு ஓர் ஆள் இருந்தான். பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அவள் அழவில்லை. சாமியைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அது, எங்கூட்டுக்காரரு, நிக்க மாட்டேன்னுதான் சொல்லிச்சு, சாமி. எட்டிப் போயிடலாம், தூரமாத்தான் வர்றான்னுச்சு. நாந்தான் கேக்கல. சாமிகிட்ட ஒத்துக்கினு வந்துட்டு இன்னா இது, நில்லுன்னேன்.”

அவள் கழியைப் பார்த்துக்கொண்டு மேலே சொன்னாள்.

“நின்னோம். விமானத்து சத்தம் கொறஞ்சிது. மோட்டாரைத் தணிச்சா வழி உடறான்னுதானே எங்களுக்குத் தெரியும்? நமக்குத்தான் வழி உடறான்னு நெனச்சோம். ‘பரவால்ல, மரியாத தெரிஞ்ச ஆளுதான்’னு சொல்லிச்சு. சொல்லிட்டு, மோட்டாரைக் கெளப்பக் குனிஞ்சிது.”

தயாளன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். மீன் ஓடக்கூடாது என்று எஞ்சினைத் தணித்த கை அது. அவரைத் தேற்ற யாரும் எழவில்லை. குப்பம்மாள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

“விட்டுக்குடுத்தா கெட்டுப்போக மாட்டோம்னு சொன்னீங்களே, சாமி,” என்றாள்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பாடத்தில் தான் எதையோ தவறவிட்டதுபோலத்தான் கேட்டாள். சாமிக்கு அதைத் தாங்க முடியவில்லை. கும்பிடப்பட்டே பழகிய மனிதர் முதல் தடவையாக ஒருவரைப் பார்த்துக் கை கூப்பினார். அவள் அதைக் கவனிக்கவில்லை. படகில் புதிதாக வைத்த பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்பால் கழியில் ஒரு படகு விரைந்து போனது. அந்தச் சாவுக்குப் பிறகு அங்கே எந்தப் படகும் யாருக்கும் நிற்பதில்லை. கால்வாயில்கூட முட்டிக்கொண்டு போகிறார்கள். துடுப்பைத் தூக்குகிற வழக்கமே போய்விட்டது.

தயாளன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவரும் விட்டுக்கொடுத்தார், சாமி. நானும் விட்டுக்கொடுத்தேன். நீங்க சொன்னதை ரெண்டு பேரும் ஒரு எழுத்து மீறலை. அப்புறம் எங்கே தப்பு நடந்தது?”

சாமி புன்னை மரத்தடியைப் பார்த்தார். அங்கே ஐம்பது பேர் ஒன்றாக உட்காரலாம்.

“கன்னியப்பனைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன்,” என்றார். “உங்களை வியாழக்கிழமை வரச் சொன்னேன்.”