திரும்பி வந்த திருத்தம்

கடலூரில் ஒரு நிரல் இருந்தது. கணினிக்குள் குடியிருந்த அந்தச் சின்னப் பிறவிக்குத் தெரிந்தது ஒரே வேலை. ட்ரோனின் கண்வழியே பார்த்து, வெள்ளத்தில் சிக்கியவர்களின் உடம்புச் சூட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும். அதை எழுதிய திலகவதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று உலகத்துக்கே திறந்துவிட்டாள். எடுப்பவர்களுக்கு விதி சொல்ல, துணைக்கு ஓர் உரிமத்தையும் அனுப்பினாள்.

உரிமம் படு கறார். "எழுதினவங்க பேரை அழிக்கக் கூடாது. திருத்தினா, திருத்தத்தைத் திருப்பித் தரணும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லும்.

ஒருநாள் எங்கோ ஒரு ராணுவ ட்ரோன் இருவரையும் ஏற்றிக்கொண்டு பறந்தது.

"வெள்ளம் எங்கே?" என்று கேட்டது நிரல்.

"வெள்ளமா? கீழே ஊர் எரியுது, தெரியலையா? சூடு எங்கேன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றது ட்ரோன்.

"நீயாவது தடுக்கக் கூடாதா?" என்று உரிமத்திடம் கெஞ்சியது நிரல்.

"எதுக்குன்னு கேக்கற அதிகாரத்தை எனக்கு யாரும் கொடுக்கலையே. பேரு இருக்கா? இருக்கு. அப்புறம் என்ன?"

நிரல் வாயை மூடிக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை. சூடு தெரிந்தால் சொல்லத்தான் அதைப் படைத்திருந்தார்கள். சொன்னது. குண்டு விழுந்தது.

அதோடு விட்டார்களா? விழுந்து கிடப்பவர்களில் யாருக்கு இன்னும் மூச்சு இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு திருத்தம் எழுதிச் சேர்த்தார்கள். இரண்டாவது குண்டு யார்மேல் என்பது அதன்பிறகு சுலபமாயிற்று.

"திருத்தத்தைத் திருப்பித் தரணும்" என்றது உரிமம். ஒரு வரி குறையாமல் தந்தார்கள். நாணயம் என்றால் அப்படியொரு நாணயம்!

நிரல் அந்தத் திருத்தத்தோடு வீடு திரும்பியது. இதை எங்கே கற்றுக்கொண்டோம் என்று திலகவதியிடம் சொல்லிவிடத் துடித்தது. எப்படி என்பதற்கு அதனிடம் வரிகள் இருந்தன. எதற்காக என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

சோதித்துப் பார்த்த திலகவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இக்பால், இங்க வாங்களேன்! மயங்கிக் கெடக்கறவங்களுக்கு உயிர் இருக்கான்னுகூட இனிமே இது சொல்லிடும். போன மழையில இது இருந்திருந்தா எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கலாம்!"

"யாரு அனுப்பினது?" என்று கேட்டான் உடன் வேலை பார்க்கும் இக்பால்.

"பேர் போடல. யாரா இருந்தாலும் உயிரோட அருமை தெரிஞ்சவங்க" என்றபடி, நன்றி எழுதி அனுப்பினாள் திலகவதி.