தமயந்திக்கு உதைக்காத துப்பாக்கி பார்த்த கதை

அமராவதி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். இது எந்தப் பக்கத்து ஊரில் நடந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இரண்டு ஊர்க்காரர்களும் "எங்க ஊர்லதானுங்க" என்று பெருமையாக வந்து நின்றுவிடுவார்கள். அதனால் சுரக்காய்ப்பாளையம் என்று நாமே ஒரு பேர் வைத்துக்கொள்வோம்.

சுரக்காய்ப்பாளையத்துத் தமயந்திக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூட என்.சி.சி.யில் குறி தவறாமல் சுட்டாள் என்று டவுனில் இருந்த ரைபிள் கிளப்பில் சேர்த்துவிட்டிருந்தார்கள். அங்கே முந்நூறு மீட்டர் தள்ளிக் குறி அட்டை. முதல் நாளே ஒரு பெரிய துப்பாக்கியைத் தூக்கிக் கையில் கொடுத்தார்கள். சுட்டாள். குண்டு முன்னால் போனது, தமயந்தி பின்னால் போனாள். தோள் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது.

அதிலிருந்து விசையைத் தொட்டாலே அவளுக்கு இரண்டு கண்ணும் தானாக மூடிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் குண்டு எங்கே போகும்? பக்கத்து அட்டைக்குப் போகும். அவள் புண்ணியத்தில் பக்கத்தில் சுட்ட பையன் மெடல் வாங்கினான்.

பயிற்சியாளர் சுபேதார் தேவசகாயம், பட்டாளத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இங்க பாரும்மா. வர்ற ஞாயித்துக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறாங்க. கிளப்ல மூணு துப்பாக்கி இருக்கு. அதுல உதை கம்மியா, உன் தோளுக்கு ஒத்து வர்ற ஒண்ணைத் தேர்ந்தெடுத்துப் பழகிக்க. கண்ணைத் திறந்துகிட்டு அஞ்சு குண்டு சுட்டா உனக்கு இடம். மூடினா இல்லை. கையெழுத்துப் போட வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வா."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் இருக்க முடியாது. அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. "புஸ்தகத்தைத் தவிர வேற எதையும் தொடக்கூடாது" என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். இந்த ஞாயிறு விட்டால் விட்டதுதான்.

அப்பாவோ லாரியில் நாக்பூர் பக்கம் போயிருந்தார். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பொண்ணுக்கு ஒரு பொருள் பாக்கறதுன்னா தாய்மாமன் இல்லாம எப்படி?" என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேருக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். "வேண்டாம்மா!" என்று தமயந்தி கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தாள்.

காரணம் இருந்தது. பெரிய மாமா பொன்னுரங்கம், நடு மாமா ஆறுச்சாமி, சின்ன மாமா திருமூர்த்தி, மூவரும் மாட்டுத் தரகர்கள். மாடு பார்த்து வாங்குவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாடு தவிர வேறு எதையும் வாங்கத் தெரியாது என்பதால், எல்லாவற்றையும் மாடு வாங்குவது போலவே வாங்குவார்கள். போன வருஷம் தமயந்தியின் அம்மாவுக்கு ஒரு மிக்சி வாங்கினார்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டுகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று சொல்லி, கயிறு கட்டிக் கடையைச் சுற்றி மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்கள். மிக்சி வீட்டுக்கு வந்தது. அரைக்கவில்லை. ஆனால் ஒருநாளும் முட்டியதில்லை.

மூன்று மாமாக்களும் குளித்து, விபூதி பூசி, தோளில் துண்டும் கையில் ஒரு பை பருத்திக்கொட்டையுமாகக் கிளப்புக்கு வந்து சேர்ந்தார்கள். மேசை மேல் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. ஒன்றாம் நம்பர் பெரியது, பெரிய தோட்டா போடுவது. இரண்டாம் நம்பர் குட்டையாக, லேசாக, பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நம்பர் நீளமாக, கனமாக, சின்னத் தோட்டா போடுவது.

பொன்னுரங்கம் ஒன்றாம் நம்பரின் குழல் வாயில் கண்ணை வைக்கப் போனார்.

"யோவ்!" என்று சுபேதார் போட்ட சத்தத்தில் வேலியோரத்து மைனாக்கள் எல்லாம் பறந்தன. "குண்டு இருக்கோ இல்லையோ, குழலுக்கு முன்னால யாரும் வரக்கூடாது!"

"வாயைப் பாக்காம எப்படிங்க வயசு சொல்றது?" என்றார் பொன்னுரங்கம், பொறுமையாக.

"வயசு வேண்டாம்யா. உதை கம்மியாங்கிறதை மட்டும் பாருங்க."

"அதென்னங்க உதை?"

சுபேதார் விவரமாகச் சொன்னார். குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும். அந்தத் தள்ளுதான் தோளில் இடிக்கும். தோட்டா சின்னதாகவும் துப்பாக்கி கனமாகவும் இருந்தால் இடி குறையும். மாமாக்கள் மூவரும் தலையாட்டினார்கள். உண்மையிலேயே புரிந்துவிட்டது. சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது.

"ஏனுங்ணா," என்றார் ஆறுச்சாமி, முகம் வெளுத்துப் போய். "இவரு முன்னால நிக்கக்கூடாதுங்கறாரு. உதைக்கற உருப்படிக்குப் பின்னால நிக்கக்கூடாதுன்னு நம்ம தொழில் சொல்லுது. அப்ப எங்கதான் நிக்கறது?"

"பக்கத்துல" என்றார் பொன்னுரங்கம். மூவரும் பக்கவாட்டுக்கு நகர்ந்தார்கள்.

"நாம பக்கத்துல நின்னுக்கலாம். சுடறவங்க?"

"பின்னால."

"பின்னால நம்ம அம்மணி மட்டுமா?" என்றார் திருமூர்த்தி. "தாய்மாமன் மூணு பேரு கல்லாட்டம் இருக்கையில, புள்ள ஒத்தையா உதை வாங்கோணுமா?"

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "மாமா, எனக்கு மூணாம் நம்பரே..." என்று தமயந்தி ஆரம்பித்தாள். "நீ பேசாத அம்மணி, பெரியவங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்கள்.

ஆறுச்சாமி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எதிரே ஒரு பிடி பருத்திக்கொட்டை வைத்தார். மூன்றும் தொடவில்லை. "வயிறு நெறைஞ்சிருக்குது. நல்லாத்தான் வெச்சிருக்காங்க" என்றார்.

திருமூர்த்தி ஒவ்வொன்றின் முதுகிலும் கழுத்திலிருந்து பின்பக்கம் வரை தடவிக் கொடுத்து, சட்டென்று இரண்டடி தள்ளிக் குதித்தார். எதுவும் உதைக்கவில்லை. "இப்ப சாதுவாத்தான் இருக்கும். சந்தையில எல்லாமே சாதுதான். வீட்டுக்குப் போனாத்தான் தெரியும்."

பொன்னுரங்கம் ஒன்றாம் நம்பரின் கட்டையில் மரத்துக்குள் ஒரு சுழி ஓடுவதைக் கண்டுபிடித்தார். இடது பக்கச் சுழி. "கட்டுத்தறிக்கு ஆகாது" என்று அதைத் தள்ளிவைத்தார். மீதி இரண்டு.

"ரெண்டாம் நம்பர் அழகுங்ணா," என்றார் திருமூர்த்தி.

"மூணாம் நம்பர் ஆகிருதி," என்றார் ஆறுச்சாமி.

"அழகா இருக்கறது கெட்டது, உதைக்கும்."

"எங்கூட்டுக்காரி அழகுதானே?"

"அதத்தான் சொல்றேன்."

இப்படியே ஒரு மணி நேரம் ஓடியது. சுபேதார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பொன்னுரங்கம் எழுந்து போய், பட்டென்று அவருடைய வலது கையைப் பிடித்து அதன்மேல் துண்டைப் போட்டார்.

மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே முக்கியமான பேச்சை வாய் பேசாது, துண்டுக்கு அடியில் விரல்தான் பேசும். ஆனால் சுபேதார் சந்தைப் பக்கமே போகாதவர். அதோடு, இருபத்தெட்டு வருஷப் பட்டாளத்தில் யாருக்கும் தெரியாமல் அவர் காப்பாற்றி வந்த ரகசியம் ஒன்று இருந்தது. உள்ளங்கையைத் தொட்டால் அவருக்குக் கூச்சம். "ஏய், ஏய், விடுய்யா!" என்று நெளிந்து கையை இழுத்தார். பெருவிரலும் சுண்டுவிரலும் உருவிக்கொண்டு வந்துவிட்டன. பொன்னுரங்கத்தின் பிடியில் மிச்சம் நின்றது மூன்று விரல்.

"முடிஞ்சுது!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் பொன்னுரங்கம். "மூணு!"

சுபேதார் துள்ளி எழுந்தார். "யோவ், அந்தப் பொண்ணுக்குச் சரியான துப்பாக்கி மூணாம் நம்பர்தான்யா! அதைத்தான் நானும் சொல்ல இருந்தேன்!"

"பாத்தீங்களா? வாயில பேசியிருந்தா ரெண்டு நாள் ஆயிருக்கும்."

தமயந்திக்கு மூச்சு வந்தது. சுபேதார் மூன்றாம் நம்பருக்கு ஒரு தோல்வாரை மாட்டிக் கொடுத்தார், படுத்துச் சுடும்போது கையில் சுற்றிக்கொள்ள. மாமாக்களுக்கு அதில் பரம திருப்தி. "விக்கறவரே கயிறு போட்டுக் குடுத்துட்டாரு. நல்ல மனுஷன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தமயந்தி பாயில் குப்புறப் படுத்து, தோல்வாரைக் கையில் சுற்றி, மூன்றாம் நம்பரைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். முந்நூறு மீட்டர் தள்ளி அட்டை ஒரு தபால்தலை அளவில் தெரிந்தது. பத்து நிமிஷம், ஐந்து குண்டு. விசையில் விரல் வைத்தாள். கண் இமை படபடவென்று அடித்தது. நாவல்பழம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது யாரோ அவளுடைய இரண்டு கணுக்காலையும் கெட்டியாகப் பிடித்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். பொன்னுரங்கம் மாமா பின்னால் குப்புறப் படுத்து அவள் காலைப் பிடித்திருந்தார். அவர் காலை ஆறுச்சாமி மாமா பிடித்திருந்தார். அவர் காலைத் திருமூர்த்தி மாமா பிடித்திருந்தார். மூன்று பேரும் வெள்ளை வேட்டி.

"அது உன்னைப் பின்னால தள்ளட்டும் பாக்கலாம். நீ சுடு அம்மணி" என்றார் பொன்னுரங்கம்.

அதிகாரிகள் ஓடி வந்தார்கள். சுபேதார் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். சுடுபவரின் கணுக்காலைத் தாய்மாமன் பிடிக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. "நேரம் ஓடுது, சுடும்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

டுமீல்!

"வந்துச்சா?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"வந்துச்சுங்ணா," என்றார் ஆறுச்சாமி. "உங்களைத் தாண்டி எனக்கு வந்துச்சு. முழங்கால் வரைக்கும் இருக்குது."

"எனக்கு இடுப்புக்கு வந்திருச்சு!" இது திருமூர்த்தி.

"என்னைத் தாண்டாம உனக்கு எப்படிடா வரும்?"

"நீங்க புடிச்ச புடி லூசுங்ணா. எல்லாம் எங்கிட்ட வந்து சேருது."

உண்மையில் மூன்றாம் நம்பர் பரம சாது. ஒரு கன்றுக்குட்டி மூக்கால் இடித்த அளவுகூட இல்லை. தமயந்தி அதைக் கவனித்தாளோ என்னவோ, அவளுடைய காது முழுக்கப் பின்னால் இருந்தது. அடுத்து யாருக்கு என்ன வரும், யார் என்ன சொல்வார்கள் என்று கேட்கிற ஆசையில் கண்ணை மூட மறந்துபோனாள்.

இரண்டாவது குண்டில் ஆறுச்சாமிக்கு மூட்டுவலி சரியானது. மூன்றாவதில் மறுபடி வந்தது. நாலாவதில் திருமூர்த்தி "நான் ஒருத்தனே எத்தனைதான் தாங்கறது?" என்று அழுதார். ஐந்தாவது குண்டில் அவருடைய வலது கால் செருப்பைக் காணோம். கிளப்பு நாய் அதைக் கவ்விக்கொண்டு போனதைத் தமயந்தியையும் மாமாக்களையும் தவிர எல்லாரும் பார்த்தார்கள்.

"செருப்பு வழியா உதை வெளிய போயிருச்சுங்ணா!" என்று கத்தினார். "செருப்பையும் கூட்டிட்டே போயிருச்சு!"

அட்டையைக் கொண்டு வந்தார்கள். ஐந்து ஓட்டையும் நடுக் கறுப்பில், ஒரு கொட்டாங்கச்சியால் மூடிவிடலாம் போல நெருக்கமாக இருந்தன. பக்கத்து அட்டைப் பையனுக்குத்தான் ஏமாற்றம். தமயந்தியின் பெயரை அணியில் எழுதிக்கொண்டார்கள்.

"அடுத்த மாசம் மாநிலப் போட்டி," என்றார் சுபேதார், சந்தோஷத்தில் வாய் தவறி. "அங்க அறுநூறு மீட்டர்."

மாமாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முந்நூறுக்கு மூணு பேரு. அறுநூறுக்கு ஆறு பேரு வேணுங்ணா," என்றார் ஆறுச்சாமி.

"இங்கியே மூணு பேரு பத்தல. சின்னவன் செருப்பு போச்சு. ஊரையே கூப்பிட்டறலாம்."

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு டெம்போவில் சுரக்காய்ப்பாளையம் கிளப்புத் திடலில் வந்து இறங்கியது. முப்பத்தாறு பேர். தமயந்தி பாயில் படுத்தாள். பின்னால் பொன்னுரங்கம், ஆறுச்சாமி, மளிகைக்கடைக்காரர், ஊர்த் தலைவர் என்று வரிசை வேலி வரைக்கும் நீண்டது. எல்லாரும் படுத்த பிறகு ஓர் இடத்தில் சண்டை. கடைசி ஆளாகப் படுக்க யாருக்கும் மனசில்லை. எல்லா உதையும் அங்கேதானே போய்ச் சேரும்?

"திருமூர்த்திக்குத்தான் பழக்கம் இருக்குது" என்றார் ஊர்த் தலைவர்.

"நான் மாட்டேன். எல்லாரு காலையும் ஒருத்தரு புடிச்சிருக்காங்க. எங்காலை யாரு புடிக்கறது?"

நியாயமான கேள்வி. முப்பத்தாறு பேரும் படுத்தபடியே யோசித்தார்கள். ஒரு முப்பத்தேழாவது ஆளைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். அவர் காலை யார் பிடிப்பது என்றார் இன்னொருவர். ஊரின் மொத்த ஜனத்தொகையும் போதாது என்று தெரிந்து எல்லாருக்கும் சோர்வு வந்தது. அப்போது பொன்னுரங்கத்துக்கு ஒரு யோசனை பிறந்தது.

"வரிசையை வளைங்கடா!"

வளைத்தார்கள். வரிசை மெல்ல மெல்லத் தவழ்ந்து, திடலைச் சுற்றி, பெரிய வட்டமாக வந்தது. கடைசியில் படுத்திருந்த திருமூர்த்தியின் கால் இரண்டும் தமயந்தியின் முகத்துக்கு நேரே வந்து நின்றன.

"புடிச்சுக்க அம்மணி! கெட்டியாப் புடி!"

தாய்மாமன் சொன்னால் மறுத்துப் பழக்கமில்லாத பெண். துப்பாக்கியைப் பாயில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் திருமூர்த்தி மாமாவின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். வட்டம் கூடியது. கடைசி ஆள் என்று ஒருவரும் இல்லை. ஊர் மொத்தமும் நிம்மதியாக மூச்சு விட்டது.

அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்த சுபேதார், வட்டத்தைப் பார்க்காமலே காதுமூடியை மாட்டிக்கொண்டு, "சுடு!" என்றார்.

காற்று அடித்தது. வேலியோரத்தில் மைனா கத்தியது. வேறு சத்தமில்லை.

"ஏனுங்ணா, வந்துச்சுங்களா?" என்றார் ஆறுச்சாமி.

"வரலியே. தலைவரே, உங்களுக்கு?"

"துளிகூட இல்லீங்க."

"சின்னவனே?"

"இல்லீங்ணா!" திருமூர்த்தியின் குரலில் ஆனந்தம் தாங்கவில்லை. "செருப்பு ரெண்டும் கால்லியே இருக்குது!"

தமயந்தி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். "மாமா, என் கை ரெண்டும் இங்க இருக்குது. துப்பாக்கி பாட்டுக்குத் தனியாக் கெடக்குது. எப்படிச் சுடறது?"

பொன்னுரங்கம் கழுத்தை எக்கி, பாயில் அசையாமல் கிடந்த மூன்றாம் நம்பரை வெகுநேரம் பார்த்தார். முப்பது வருஷமாகச் சந்தை சந்தையாக அலைந்த ஒரு தரகரின் முகத்தில் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வருகிற சிரிப்பு வந்தது.

"விட்றாத அம்மணி," என்றார். "சுத்தமா உதையே இல்லாத துப்பாக்கி இன்னிக்குத்தான் அமைஞ்சிருக்குது. சுடறேன் கிடறேன்னு தொட்டு அதைக் கெடுத்துப்போடாத."